தலைகீழாகக் கட்டிய கேமரா

தனக்கு இரண்டு வித்தைகள் தெரியும் என்று அருள்முருகன் சொல்லிக்கொள்வான். ஒன்று லினக்ஸ். இன்னொன்று பெத்தாங்க். முதல் வித்தையில் அவன் அரைகுறை. இரண்டாவதில் அந்த அரையும் கிடையாது, குறை மட்டும்தான்.

பெத்தாங்க் என்பது இரும்புக் குண்டு விளையாட்டு. தரையில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் நின்றபடி, தள்ளிக் கிடக்கும் எலுமிச்சங்காய் அளவு மரக்குண்டுக்குப் பக்கத்தில் தன் இரும்புக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிராளியின் குண்டு முந்தி நின்றுகொண்டிருந்தால் அதை அடித்து விரட்டலாம். எதிராளியைவிடக் கிட்டே நிற்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. பதின்மூன்று புள்ளி முதலில் எடுத்தவர் ஜெயித்தார். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது மூட்டை கட்ட மறந்துவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. புதுச்சேரிக்காரர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதைத் தங்கள் விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ராஜாங்கம் வீட்டுப் பக்கத்து மனையில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கும். ராஜாங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். தெருவே அவரை, ஐயா என்ற அர்த்தத்தில், ‘முசே’ என்றுதான் கூப்பிடும். எதிராளியின் குண்டை அடித்து விரட்டுவதில் மன்னன். அவருக்கு முப்பது வருஷ ஜோடி தெய்வசிகாமணி. இவர் அடிப்பார், அவர் வைப்பார். போன வருஷம் தெய்வசிகாமணி மகனோடு இருக்க பிரான்சில் லியோனுக்குப் போய்விட்டார். காலியான இடத்துக்கு ஆள் தேடியபோது, வேலியோரம் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் அருள்முருகன். வைத்திக்குப்பத்து ஆள், தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை, வயது நாற்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா இருந்தான். அந்தக் கடைசித் தகுதிக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து இந்த ஜோடி தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றது.

அருள் வைக்கும் குண்டு எங்கே போகும் என்று அருளுக்கே தெரியாது. அது போகட்டும், அவனிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ராஜாங்கத்தின் அடியும் தப்ப ஆரம்பித்துவிட்டது. நேராகப் போகிற குண்டு கடைசி நேரத்தில் அரைச் சாண் விலகி விழும். ஏனென்று அவருக்கும் புரியவில்லை.

பதினோராவது தோல்வி முடிந்ததும் ராஜாங்கம் தன் மூன்று குண்டுகளையும் மஞ்சள் துணியால் துடைத்துப் பையில் போட்டார்.

“அருளு, அடுத்த ஞாயித்துக்கெழம கோப்பை ஆட்டம். அதுலயும் தோத்தா இதைக் கொண்டுபோயி பழைய இரும்புக் கடையில போட்டுட்டு, வூட்ல உக்காந்து டிவி பாக்கப் போறேன்.”

“முசே, சும்மா கோவத்துல…”

“கோவம் இல்லடா. சொல்லிட்டேன்.”

அதுதான் அருளை உலுக்கியது. இந்த மனுஷர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் ஒரு நாள் காலை “இனிமே சிகரெட் இல்ல” என்று சொன்னவர். அன்று மதியமே சாம்பல் கிண்ணத்தில் அஞ்சலாட்சி துளசி நட்டுவிட்டார். அவர் மனைவி. கணவர் சொன்னால் சொன்னதுதான் என்று தெரிந்தவர்.

ஞாயிறு சாயங்காலங்களில் ராஜாங்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பதை அருள் நினைத்துப் பார்த்தான். நினைப்பே வீச்சமடித்தது. மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை அவன். வீச்சம் என்றால் என்னவென்று தெரியும்.

“எனக்கு ஆடத் தெரியாது. அதை இந்த ஆறு நாள்ல கத்துக்கவும் முடியாது” என்று அன்று தன் மனைவி சுமலதாவிடம் சொன்னான். “ஆனா தெய்வசிகாமணி முசேவைக் கொண்டாந்து நிறுத்த முடியும்.”

“ஏங்க, பிளேன் டிக்கெட்டா எடுக்கப் போறீங்க?”

“கம்ப்யூட்டர்ல. பழைய ஜோடி மொகத்தைப் பாத்தா முசேவுக்குக் குறி வந்துடும்.”

“ஐயோ” என்றாள் சுமலதா. ஏற்கெனவே வீட்டுக் கணினியில் அவன் கைவைத்து, அவளுடைய கோலப் படங்கள் நாற்பதும் போன இடம் தெரியவில்லை.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் இலவச மென்பொருள். அது அவனிடம் வந்து சேர்ந்ததே ஒரு விபத்து. கம்பெனி முதலாளிக்குத் திருட்டு மென்பொருள் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ பயங்காட்டிவிட்டார்கள். அவர் வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டு, இலவசமாகத் தபாலில் வரும் லினக்ஸ் குறுந்தகட்டை வரவழைத்தார். “இதை யாரு போடறது?” என்று கேட்டபோது அருள் தலையைச் சொறிந்தான். கை உயர்ந்ததை முதலாளி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அது ஆயிற்று ஒன்றரை வருஷம். இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்து எட்டு ஜூனில். அந்த ஒன்றரை வருஷத்தில் கம்பெனிக் கணினி எட்டு முறை படுத்தது, எட்டு முறையும் அருள் எழுப்பினான். ஒன்பதாவது முறை படுக்கவில்லை. அதை அவன் சாதனை என்று சொல்வான். கணினி அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தது என்பாள் சுமலதா.

திங்கட்கிழமை வேலை முடிந்து குறுந்தகட்டோடு ராஜாங்கம் வீட்டுக்குப் போனான். அங்கே இருந்த கணினியைப் போட்டாலே வைரஸ் ஏறி, கேட்காத படமெல்லாம் காட்டும். அதனால் அஞ்சலாட்சி அதன்மேல் பூத்துணி போர்த்தி, மேலே மாதா சொரூபத்தை வைத்திருந்தார்.

“மதாம், மாதாவைக் கொஞ்சம் எறக்கி வைங்க. புதுசா ஒண்ணு போடறேன்.”

“நீயா போடற?” என்றார் அஞ்சலாட்சி. “அப்ப மாதா பக்கத்துலயே இருக்கட்டும்.”

குறுந்தகடு உள்ளே போனதும் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அருள் இங்கிலீஷைத் தேடுவதற்குள் ராஜாங்கம் விறைத்துக்கொண்டு நின்றார்.

“பிரான்சே போடு.”

“முசே, எனக்கு பிரெஞ்சு படிக்க வராதே.”

“எனக்கு வரும். என் வூட்ல இருக்கற மெஷினு பிரான்சேதான் பேசணும்.”

போட்டான். ஒவ்வொரு திரைக்கும் ராஜாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ராணுவ உத்தரவை வாசிப்பதுபோல உரக்க வாசித்து மொழிபெயர்த்தார். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில், “என் பொண்டாட்டி பேரைப் போடு. அதைத்தான் நான் மறக்க முடியாது, மறந்தா சோறு கெடையாது” என்றார். அருள் ஆங்கில எழுத்தில் ‘அஞ்சலாட்சி’ என்று இரண்டு முறை அடித்தான். திரையில் வெறும் புள்ளிகள். எல்லாம் சுபம்.

செவ்வாய்க்கிழமை ஏதோ அடித்துப் பார்த்தபோதுதான் எழுத்துகள் இடம் மாறி வருவது தெரிந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் வேறொன்று விழுந்தது. அருள் அமைப்புகளுக்குள் போய் விசைப்பலகையை நம்மூர் வழக்கத்துக்கு மாற்றிவிட்டான். பிறகு வீடியோவில் பேசும் மென்பொருளை நிறுவப் போனான். பாஸ்வேர்டு கேட்டது. ‘அஞ்சலாட்சி’ என்று அடித்தான். தவறு என்றது. மறுபடி அடித்தான். தவறு. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல அடித்தான். அதுவும் தவறு.

“இன்னாடா, என் பொண்டாட்டி பேரே தப்புன்னு சொல்லுதா?” என்றார் ராஜாங்கம்.

“முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்பறம் சொல்லுது பாரு” என்றது சமையலறைக் குரல்.

புதன்கிழமை முழுக்க அருள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே இதையே யோசித்தான். சாயங்காலம் பஸ்ஸில் சட்டென்று புரிந்தது. பிரெஞ்சு மொழியைத் தேர்ந்தெடுத்ததும் கணினி தன் கையில் பிரெஞ்சு விசைப்பலகை இருப்பதாக நினைத்துக்கொண்டது. அதில் நம் ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘க்யூ’ இருக்கும். தேங்காய்த்திட்டுக் கடைக்காரன் ராஜாங்கத்துக்கு விற்ற இந்த நம்மூர் விசைப்பலகையில் அருள் ‘ஏ’ என்று நினைத்துத் தட்டியதெல்லாம் உள்ளே ‘க்யூ’வாகப் பதிவாகியிருக்கிறது. அவன் நேரே ராஜாங்கம் வீட்டில் இறங்கி, ‘ஏ’ வரும் இடத்திலெல்லாம் ‘க்யூ’ போட்டு அடித்தான். கதவு திறந்தது.

“மதாம், உங்க பேரை ரெண்டு நாளா தப்பா கூப்ட்டுட்டு இருந்தேன்” என்று கத்தினான்.

“இப்ப சரியா கூப்ட்டியா?”

“இப்பதான் தப்பா கூப்ட்டேன். ஒடனே தொறந்துகிச்சு.”

நிறுவுவது என்பது ஒரு பொத்தானை அழுத்துவது என்று நினைப்பவர்கள் லினக்ஸ் பக்கம் வராதவர்கள். அந்தக் காலத்தில் அது கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், ஒலிப்பெட்டிக்கான துணை மென்பொருளும் வந்தால்தான் வருவேன் என்கிறார். அவரைக் கூப்பிட்டால், எனக்கு ஒரு பழைய சித்தப்பா உண்டு, அவரை விட்டுவிட்டு எப்படி என்கிறார். சித்தப்பா வந்தார், அவருக்கும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் புது சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வியாழன் முழுதும் அருள் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வீடாக வெற்றிலை பாக்கு வைத்தான். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மென்பொருள் திறந்தது.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. வாங்கி வந்த புதுக் கேமராவைத் திரையின் தலையில் மாட்டி, லியோனுக்கு அழைப்பு போட்டான். தெய்வசிகாமணி வந்துவிட்டார்! குல்லாய் போட்டுக்கொண்டு, கொஞ்சம் இளைத்து, கன்னம் சிவந்து.

“ராஜாங்கம்!” என்றார். பிறகு தலையைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். “டேய், ஏன்டா வௌவாலு மாதிரி தொங்கற?”

இந்தப் பக்கத்துப் படம் அங்கே தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. கூரைமேல் நடக்கிற ராஜாங்கத்தைப் பார்த்துப் பார்த்து தெய்வசிகாமணி இருமும் வரை சிரித்தார். ராஜாங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நாளைக்கு அத்தினி பேர் முன்னாடி இப்படித் தொங்க மாட்டேன்” என்று எழுந்து போய்விட்டார்.

அருள் இணைய மன்றங்களில் தேடினான். அந்தக் கேமராவை லினக்ஸோடு பேசவைக்கும் நிரலில் எங்கோ மேலும் கீழும் மாறிக் கிடந்தது. அதை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்பதுதான் லினக்ஸின் பெருமை. அருளும் திறந்தான். உள்ளே ஒரு வரிகூடப் புரியாமல் மரியாதையாக மூடிவைத்தான். பிரேசிலில் யாரோ ஒருவர், “எனக்கு நன்றாக வேலை செய்கிறதே” என்று எழுதி ஆறுதல் சொல்லியிருந்தார்.

ஞாயிறு மூன்றரை மணி. வேப்பமரத்து நிழலில் மேஜை போட்டு, கணினியைக் கொண்டுவந்து வைத்து, ஜன்னல் வழியாக இணைய ஒயரும் கரண்டு ஒயரும் இழுத்தாயிற்று. எதிரணி கதிர்காமத்துக் கலைச்செல்வனும் அவன் தம்பியும் வந்துவிட்டார்கள். ஐந்து வருஷமாக இந்தக் கோப்பைக்குக் காத்திருப்பவன் கலைச்செல்வன்.

“இன்னா அருளு, ஆடத் தெரியலன்னு கம்ப்யூட்டரையே எறக்கிட்டியா? குண்டையும் அதுவே வைக்குமா?”

“வச்சா என்னைவிட நல்லாத்தான் வைக்கும்” என்றான் அருள், திரையிலிருந்து தலையை எடுக்காமல். எட்டாவது கட்டளையை அடித்துக்கொண்டிருந்தான். படம் அசையாமல் தலைகீழாகவே நின்றது.

சுமலதா கொஞ்ச நேரம் பார்த்தாள். கிட்டே வந்தாள். கேமராவைத் திரையிலிருந்து பிடுங்கினாள், கவிழ்த்தாள், மேஜைப் பலகைக்கு அடியில் தலைகீழாக வைத்து, பையிலிருந்து நைலான் வலைநூலை எடுத்து நாலு சுற்று சுற்றி, அவள் அப்பா படகில் போடும் முடிச்சாகப் போட்டாள்.

திரையில் படம் நேராகிவிட்டது.

அருள் ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டான். “இதை நேத்தே செஞ்சிருக்கலாம் இல்ல?”

“நேத்து நீங்க என்னைக் கூப்பிடலியே.”

ஒரே ஒரு குறை. தலைகீழாகத் தொங்கியதில் கேமராவின் கழுத்து தளர்ந்து, முகம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டது. நிமிர்த்தினால் மறுபடி தொங்கியது. வட்டத்தில் நிற்பவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. சரிசெய்ய நேரமில்லை. அதற்குள் லியோனிலிருந்து குரல் வந்துவிட்டது. அங்கே பன்னிரண்டரை மணி, தெய்வசிகாமணி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“அருளு, எனக்கு வெறும் காலுதான்டா தெரியுது.”

“மன்னிச்சுக்குங்க முசே, அவ்ளோதான் முடிஞ்சுது.”

“பரவால்ல. இரு. அது கலைச்செல்வன் காலுதான? செருப்பைத் தேச்சுத் தேச்சு நடப்பானே. டேய் கலைச்செல்வா, நகம் வெட்டுடா!”

மனையே சிரித்தது. கலைச்செல்வன் தன்னையறியாமல் கால்விரல்களை மடக்கிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. அருள் வைத்த முதல் குண்டு வேலியோரத்துக் கோழியை எழுப்பியது. ராஜாங்கம் வட்டத்துக்குள் போய் நின்றார், கையைப் பின்னால் இழுத்தார், வீசினார். அரைச் சாண் விலகல். நாலு புள்ளி போயிற்று. அடுத்த சுற்றிலும் அதே அரைச் சாண். கலைச்செல்வன் ஏழு, இவர்கள் சுழி. ராஜாங்கத்தின் கண் பழைய இரும்புக் கடை இருக்கும் திசையில் போய்ப் போய் வந்ததை அருள் பார்த்தான்.

மூன்றாவது சுற்றில் அவர் கையை இழுத்த அந்த நொடியில், மேஜையிலிருந்து வாயில் சோற்றோடு ஒரு அலறல் வந்தது.

“குதிகாலு!”

ராஜாங்கம் திடுக்கிட்டு நின்றார். “இன்னாடா?”

“வலது குதிகாலைத் தூக்கற. குண்டு கையை வுட்டுப் போறதுக்கு முன்னாடியே தூக்கற. முப்பது வருஷமா ஒவ்வொரு வாட்டியும் பக்கத்துல நின்னு சொன்னேனே, நான் இன்னா சாமி மந்திரமா சொல்லிட்டிருந்தேன்?”

“நீ தொணதொணக்கறேன்னு நெனச்சேன்டா.”

“தொணதொணப்புதான். காலை ஊனு.”

சட்டப்படி குதிகால் எழும்புவதில் குற்றமில்லை, குறிதான் கெடும். முகத்தையும் கையையும் குண்டையுமே பார்த்துக்கொண்டிருந்த யாரும் பதினோரு ஆட்டத்தில் இதைக் கவனித்ததில்லை. கேமராவுக்குத்தான் வேறு எதையும் பார்க்க வழியில்லை.

“பிரான்சுலேருந்து சொல்லிக் கொடுக்கறது ஆட்டத்துல செல்லாது!” என்று கலைச்செல்வன் குதித்தான்.

“எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டு” என்றார் அஞ்சலாட்சி, வாசலில் நின்றபடி. “அவரு பார்வையாளர். சோறு துன்னுகிட்டு வேடிக்கை பாக்கறாரு.”

ராஜாங்கம் காலை ஊன்றினார். வீசினார். ‘டங்’ என்று ஒரு சத்தம். கலைச்செல்வனின் குண்டு வேப்பமர வேர் வரை ஓடிப்போய்ப் படுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்றைக்கும் சொல்லும். ஏழு – மூன்று. எட்டு – ஆறு. பத்து – ஒன்பது. ஒவ்வொரு வீச்சுக்கும் லியோனிலிருந்து ‘குதிகாலு!’ வரும், இங்கே ‘டங்’ விழும். அருளும் இரண்டு நல்ல குண்டு வைத்தான். எப்படி வைத்தான் என்று கேட்டவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டேன் என்று உண்மையைச் சொன்னான்.

பன்னிரண்டு – பன்னிரண்டு. கடைசிச் சுற்று. மரக்குண்டுக்கு மிகக் கிட்டத்தில் கலைச்செல்வனின் குண்டு. அதற்கடுத்து, யாரும் நம்ப முடியாதபடி, அருளுடையது. மீதி இருப்பது ராஜாங்கத்தின் ஒரே ஒரு குண்டு. கலைச்செல்வனுடையதை அடித்து விரட்டினால் அருளின் குண்டே வெற்றிக் குண்டு. தப்பினால் பழைய இரும்புக் கடை.

ராஜாங்கம் வட்டத்துக்குள் போனார். அப்போது திரையில் தெய்வசிகாமணி, முள்கரண்டி பாதி வழியில், சிலைபோல் உறைந்தார். அழைப்பு அறுந்துவிட்டது.

“ஏங்க! இணைப்பு போச்சு!” என்றாள் சுமலதா.

அருள் மேஜைப் பக்கம் இரண்டு எட்டு ஓடினான். நின்றான். அவன் அங்கே போனால் மறுபடி பாஸ்வேர்டு, சித்தப்பா, பிரேசில். ராஜாங்கமோ மூச்சை இழுத்துப் பிடித்தாயிற்று. இனி நிறுத்தினால் அந்த வேகம் வராது. அவன் திரும்பி வந்து, வட்டத்துக்குப் பக்கத்தில் புழுதியில் குப்புறப் படுத்தான். கன்னம் தரையில் பட்டது. கேமரா பார்த்ததை அவனும் பார்த்தான்: நரைமுடி முளைத்த கணுக்கால், பித்தவெடிப்பு, மெல்ல மெல்லத் தரையைவிட்டு எழும்பத் தொடங்கும் ஒரு வலது குதிகால்.

“குதிகாலு!” என்று கத்தினான்.

“நீயுமாடா?” என்றார் ராஜாங்கம், காலை நச்சென்று ஊன்றி. குண்டு பறந்தது.

‘டங்.’

கலைச்செல்வனின் குண்டு அந்த இடத்தில் இல்லை. ராஜாங்கத்தின் குண்டு அங்கே உட்கார்ந்திருந்தது, அருளின் குண்டு பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றது.

சத்தம் எழும்பிய வேகத்தில் கோழிகள் மறுபடி பறந்தன. ராஜாங்கம் புழுதியோடு அருளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். “அடுத்த வாரம் நாலு மணிக்கு வந்துடு. வந்து மொதல்ல படு” என்றார். அருளுக்கு மூக்கில் புழுதி. கண் கலங்கியதற்கு அதையே காரணமாகச் சொன்னான். கலைச்செல்வன்கூட வந்து கையைக் குலுக்கி, “நீ படுக்கறதுக்கு ஒரு சட்டம் கொண்டாரணும்” என்றான்.

சுமலதா அழைப்புக்கான பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். திரை விழித்தது. முள்கரண்டி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

“இன்னா ஆச்சு? இன்னாடா ஆச்சு?” என்றார் தெய்வசிகாமணி. முகம் ஒன்றும் தெரியாத அந்தப் படத்தில் அவருக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. கைலிக் கால்கள், பேன்ட்டுக் கால்கள், அஞ்சலாட்சியின் மெட்டி போட்ட கால்கள், எல்லாம் சேர்ந்து புழுதி பறக்கக் குதித்துக்கொண்டிருந்தன. நடுவில் அவருக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பாதங்கள், பித்தவெடிப்போடு, தரைக்கு ஒரு முழம் மேலே.

தெய்வசிகாமணி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். லியோனில் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“குதிகாலு ராஜாங்கம், குதிகாலு! ரெண்டும் தரையில இல்லடா!”